சைனா வேரும் பக்கத்துக் கதவுச் சாட்சியும்

மூலிகைக் கடையில் நிற்பவருக்கு வேர்களைப் பற்றித் தெரிவதைவிட, வாங்க வருபவரின் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டும். கடை மேசைக்குப் பின்னால் நின்று காலம் கழித்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

சிவந்த முகம்

தொண்ணூறுகளின் நடுவில், உயிரியல் பட்டத்தோடு வேலை தேடி அலைந்து, கடைசியில் ரொறன்ரோ சைனா ரவுணில் மிசிஸ் லீயின் மூலிகைக் கடையில் சேர்ந்தேன். எங்கள் ஆட்கள் நிறைந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளிலிருந்து தமிழ்ப் பெண்கள் தெருவில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ரயில் பிடித்து அங்கே வருவார்கள். நெற்றியைத் துடைத்துக் காட்டுவார்கள், கையால் விசிறிக் காட்டுவார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் சூடும் வேர்வையும் என்று மிசிஸ் லீக்கு விளங்கிவிடும். டாங் குவாய் என்ற சைனா வேர் இருக்கும் லாச்சியை இழுத்துத் திறப்பார். மிச்ச விளக்கம் சொல்ல ஒரு தமிழ்ப் பெண் வேண்டுமென்றுதான் என்னை எடுத்தார்.

செலறி போட்ட சூப்பின் வாசம் அந்த வேருக்கு. என் குளிர்கோட்டில் அது ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுருக்குவார்கள். இப்போதும் யாராவது செலறி வெட்டினால் நான் அந்தக் கடைக்குப் போய்விடுகிறேன்.

எனக்கோ வாய் திறக்கவே கூச்சம். முதல் நாள் வந்த பூமணி அன்ரி, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே தன் இரவு வேர்வையை விவரித்தார். நான் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்றேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, வேர்க்கிறது எனக்கு, முகம் சிவக்கிறது உமக்கு?"

எலிகள்

படித்த படிப்பு சும்மா இருக்க விடவில்லை. விடுமுறை நாட்களில் பல்கலைக்கழக நூலகத்துக்கு நடந்து போய், இந்த வேரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். வாசித்ததில் எலிகள் வந்தன, சோதனைக் குழாய்கள் வந்தன. பெண்களின் வேர்வையை அது நிறுத்தும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் மட்டும் வரவில்லை.

பூமணி அன்ரியின் கணவர் இரண்டாவது பைக்கற் வாங்க வந்தார். வாத்தியாராக இருந்தவர். "உதுக்கு விஞ்ஞான ஆதாரம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு ஒரே சந்தோசம். "அங்கிள், எலியளிலதான் பாத்திருக்கினம். மனிசரில இன்னும் வடிவாத் தெரியாது" என்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காட்டிச் சொன்னார்:

"எலிக்கு வேலை செய்தாலே போதும் பிள்ளை. மனிசி பல்கனிக் கதவைத் திறந்து விட்டிட்டுப் படுக்கிறா. நான் வீட்டுக்குள்ள ஜக்கெட்டோட நித்திரை கொள்ளுறன்."

பத்தியம்

பூமணி அன்ரிக்கு வேர்வை நின்றது. முழுக் கட்டடத்துக்கும் செய்தி போய்விட்டது.

தொடக்கத்தில் அவர் என்ன பத்தியம் என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தேன். பத்தியம் இல்லாத மருந்தை அவர் நம்பவில்லை. தானாகவே கத்தரிக்காயை விட்டார், மீனை விட்டார், மிளகாய்த்தூளை விட்டார், நாள் முழுக்கக் குடித்த கொதி தேத்தண்ணியையும் விட்டார். நிறுத்தியது வேரா, விட்ட தேத்தண்ணியா, இல்லை வேர்வை தன்பாட்டில் நின்றதா என்று எனக்குத் தலை சுற்றியது. "தேத்தண்ணிய விட்டதாலயும் இருக்கலாம் அன்ரி" என்றேன், மெதுவாக.

"தேத்தண்ணிய விடுறதுக்கு நான் ஏன் பிள்ளை இவ்வளவு தூரம் ஸ்ட்ரீட்கார் ஏறி வரவேணும்?"

கை

கமலா அன்ரி பூமணி அன்ரியின் பக்கத்துக் கதவு, அடுத்த வீட்டுக்காரர். அதுவரை பூமணி அன்ரி அவித்த வேர்த்தண்ணியில் பங்கு குடித்தவர், தனக்கென்று ஒரு பைக்கற் வாங்க வந்தார். கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. முழங்கை வரை நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

"விழுந்தனீங்களோ அன்ரி?"

"இல்லை. எங்கேயும் தட்டுப்படாமலே கன்றிப்போச்சு."

வேறு என்ன மருந்து, குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இருதய வால்வு மாற்றியவராம். ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசையாம். எடுத்த பைக்கற்றைத் திரும்ப வைத்தேன். அந்தக் குளிசையோடு இந்த வேரும் சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகலாம் என்று வாசித்திருந்தேன். ரத்தத்தை ஓட வைக்கும் வேர் என்றுதான் மிசிஸ் லீயும் சொல்லுவார்.

"இதை உங்களுக்குத் தரமாட்டன்."

என் குரல் எனக்கே கேட்டது. ஜின்செங் வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். காரணத்தைச் சொன்னேன்.

"பூமணியின்ர மனிசன் சொன்ன எலிக்கதை எனக்கு வேண்டாம். ஆருக்கு நடந்தது? பேரைச் சொல்லும்."

பக்கத்து நகரமான அஜக்ஸில் ஒரு அன்ரி என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பொய் வாயில் வரவில்லை. "பேர் தெரியாது அன்ரி. உங்கட கையைப் பாக்கப் பயமாக் கிடக்கு." அவர் கோபத்தோடு வெளியேறினார். நான் ஒரு துண்டு வேரைப் பையில் போட்டு, பையில் அதன் பெயரை எழுதிக்கொண்டு, குளிர்கோட்டும் போடாமல் பின்னால் ஓடினேன். "குடிக்க இல்லை அன்ரி. இதையும் கையையும் இண்டைக்கே டொக்டரிட்டைக் காட்டுங்கோ." வாங்கிக்கொண்டு ஸ்ட்ரீட்காரில் ஏறியவர், கதவு மூடும்போது திரும்பினார்.

"கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வாரும். உமக்குக் காய்ச்சல் வந்தா ஆர் வேர் தாறது?"

பெயர்

அடுத்த வாரம் முழுதும் கடைக்கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். மிசிஸ் லீ எனக்கு இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்தார்.

ஒருநாள் கமலா அன்ரி வந்தார். கையில் நீலம் மஞ்சளாக மங்கியிருந்தது. அன்றைக்கே டொக்டர் ரத்தம் பார்த்து, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். இன்னும் கொஞ்ச நாள் குடித்திருந்தால் மண்டைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம் என்றாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, சட்டைக் கையை உயர்த்தி முழுக் கடைக்கும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இனி ஆரும் கேட்டா என்ர பேரைச் சொல்லும் பிள்ளை. பில்டிங் நம்பரையும் சேர்த்துச் சொல்லும்."

நான் வேலையை விடும்வரை அந்தக் கடையில் செல்லுபடியான ஒரே விஞ்ஞான ஆதாரம் கமலா அன்ரிதான். எலிகள் பாவம், அவற்றுக்குப் பெயரும் இல்லை, பில்டிங் நம்பரும் இல்லை.