மடியில் கிடத்தும் காட்சி

முப்பத்து மூன்று வயது மகனுடைய தாய்க்கு இருபத்தைந்து வயது என்றால் யாராவது நம்புவார்களா? எங்கள் பங்குக் கோயிலில் நம்பினார்கள். இந்த வருடம் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் மாதா வேடத்துக்கு, வங்கியில் வேலை செய்கிற ஒரு மெல்லிய பிள்ளையைத் தெரிவு செய்தார்கள்.

நான் பதினொரு வருடமாக யெருசலேம் பெண்களில் ஒருத்தி. சிலுவை வரும்போது ஓரமாக நின்று மாரடித்து அழுகிற கூட்டம். வசனம் ஒன்றும் கிடையாது. இந்த முறைதான் வாய்விட்டு மாதா வேடத்தைக் கேட்டேன்.

நாடகம் பழக்குகிறவர் பாலையூற்றில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

"கோவிக்காதேங்கோ அக்கா, மேடைக்கு ஒரு முகவெட்டு வேணும்" என்றார்.

"மாதா என்ன கலியாண வீட்டுக்கோ போறா, மாஸ்டர்? பிள்ளையின்ர சாவுக்கெல்லோ போறா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வாயால் என்னை வெல்ல ஒருத்தராலும் ஏலாது. வேடம்தான் கிடைக்கவில்லை.

ஏன் கேட்டேன் என்பதை அங்கே சொல்லவில்லை. நாடகத்தின் கடைசியில், சிலுவையிலிருந்து இறக்கிய உடலை மாதாவின் மடியில் கிடத்துவார்கள். என் மகன் கத்தாருக்கு வேலைக்குப் போய் அங்கேயே செத்துப்போனான். சவப்பெட்டி ஏற்றின வண்டி சீனன்குடாவைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும், அவனுக்கு உடுத்திவிட வேட்டி சட்டையை எடுத்து வைத்தேன். புத்தியில்லாத விசரி நான். பெட்டியை மூடி முத்திரை வைத்து, திறக்கக் கூடாதென்று கடிதமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பலகையைத்தான் தடவினேன். அவனுடைய தலைமாட்டில் இருந்து அழுதேனா, கால்மாட்டில் இருந்து அழுதேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொய்யாகவென்றாலும் ஒரு தரம் ஒரு பிள்ளையை மடியில் வைத்திருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். எங்கள் நாடகத்தில் வசனங்களை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடுவார்கள். மேடையில் நிற்பவர்கள் வாயை அசைத்தால் போதும்.

"அந்த வங்கிப் பிள்ளைக்கு அழ வரேல்ல அக்கா. பேப்பர் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. குரலை நீங்கள் குடுங்கோவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் வேண்டாமாம், குரல் மட்டும் வேண்டுமாம்! ஆனாலும் போனேன். மானங்கெட்ட மனசு.

மறைக்கல்வி வகுப்பறையின் யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பதிந்தார்கள். கடைசி வசனம் வந்தபோது தாளை நான் பார்க்கவில்லை. "என்ர ராசா, அம்மா வந்திருக்கிறன், கண்ணைத் திற அப்பன்" என்று என் வாயில் வந்ததைச் சொல்லி அழுதேன். தாளில் அது இல்லை. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதே இருக்கட்டும்" என்றார்.

நாடகத்தன்று பின்னேரம் மைதானம் நிறைந்த சனம். இயேசுவாக நடித்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற மனிதர், நல்ல பாரம். நாலு பேர் அவரைத் தூக்கிவந்து அந்தப் பிள்ளையின் மடியில் கிடத்தினார்கள். ஒலிபெருக்கியில் நான் அழுதேன். பிள்ளை வாயை அசைத்தது. இயேசுவின் உடம்பெல்லாம் சிவப்புச் சாயம். சேலையில் படாமல் இருக்க அவரைத் தன் முழங்காலுக்குத் தள்ளிவிட்டு, கைகளைத் தூக்கிப் பிடித்திருந்தது. நான் யெருசலேம் பெண்களோடு பத்தடி தள்ளி நின்றேன். ஐயோ, தலையைப் பிடி பிள்ளை, தலை தொங்குது என்று கத்த வேண்டும் போலிருந்தது.

சனம் விம்மி விம்மி அழுதது. முடிந்ததும் பிள்ளை என்னிடம் ஓடிவந்து, "அன்ரி, எல்லாம் உங்கட குரலாலதான்" என்று கையைப் பிடித்தது. நல்ல பிள்ளை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது வெட்கத்தை விட்டு மாஸ்டரிடம் இன்னொரு தரம் கேட்டேன்.

"அடுத்த வருசமெண்டாலும் மாதாவை எனக்குத் தாறீங்களோ?"

"உங்களுக்கேன் அக்கா வீண் கரைச்சல்? குரல் எங்களிட்ட இருக்குத்தானே. ஒவ்வொரு வருசமும் அதையே போடலாம். நீங்கள் இனி ஒத்திகைக்கும் அலையத் தேவையில்ல."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். ஓம் என்றேன்.

வேடம் கிடைத்திருந்தால், தலையை என் இடது கைப்பக்கம் வைக்கும்படி அந்த நாலு பேரிடமும் சொல்ல நினைத்திருந்தேன். பால் குடிக்கிற காலத்தில் என் மகன் அந்தப் பக்கம் படுத்தால்தான் நித்திரை கொள்வான்.