ஐந்தாவது இலை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செங்கமலம் தன் வாயால் பக்கத்து வீட்டு மீனம்மாளிடம் சொன்னது. மீனம்மாள் என்னிடம் சொன்னது. ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கறம்பக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஐந்து பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். சிங்கப்பூர்ச் சண்டையில் நான்கு பேர் செத்ததாகத் தந்தி வந்தது. செங்கமலத்தின் புருஷன் நாகராசுவைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

முந்தைய சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பியவர் அவில்தார் ஆத்மநாதன். அவர்தான் ஊரைக் கூட்டி, குளத்துக்கரையில் அவர்களுக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டினார். ஒரே அறை, ஒரே கதவு, உள்ளே பேர் கொத்திய கல். ஐந்தாவது பேருக்கு இடம் விட்டிருந்தது. 1943 ஆடி அமாவாசையன்று படையல் போடுவதாக ஏற்பாடு.

"ஒம் புருசன் பேரையும் கொத்திரலாம் தாயி. ஒண்ணர வருசமாச்சு" என்றார் அவில்தார் செங்கமலத்திடம்.

"தந்தி வந்துச்சாய்யா?"

"வரல."

"அப்ப அவரு இருக்காரு."

ஊர் விடவில்லை. புருஷன் இருந்தால் மஞ்சள் கயிறு, இல்லையென்றால் வெள்ளைச் சேலை. நடுவில் நிற்க எந்த ஊர் சம்மதிக்கும்? கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"அஞ்சு எலையாப் போடுங்க. அவரு பேரையும் சொல்லிக் கூப்புடுங்க. அந்த எலையில கை பட்டிருந்தா இங்கனயே தாலியக் கழட்டித் தாரேன். படலைன்னா, அப்பறம் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

சாமர்த்தியக்காரி. படைத்த சோறு வைத்தபடி இருக்கும், பிறகு நாம்தான் எடுத்துச் சாப்பிடுவோம். அதை நம்பித்தான் சொன்னாள்.

ஐந்து இலையிலும் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். அவில்தார் ஐந்து பேரையும் பேர் சொல்லி அழைத்தார். செத்தவர்கள் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதால் எல்லோரும் வெளியே வந்தார்கள். அவில்தார் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பதினாலு. டக்… டக்… டக்… லாடம் அடித்த பூட்ஸ் கல்தரையில் நடக்கும் சத்தம். நின்றது. யாரோ உட்காரும் சத்தம். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

மறுபடி டக்… டக்… இரண்டாவது ஆள்.

மூன்றாவது.

செங்கமலம் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வராதீக… வந்துராதீக…" என்று முனகினாள். ஒன்றரை வருஷமாக வந்துவிடு என்று வேண்டியவள்.

நான்காவது.

பன்னிரண்டு இருபது…

இருபத்தைந்து…

ஐந்தாவது சத்தம் வரவேயில்லை.

பன்னிரண்டரைக்கு அவில்தார் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். உள்ளே நான்கு இலைகளில் சோறு பிசைந்து பாதி குறைந்திருந்தது. விரல் தடம் அப்படியே தெரிந்தது. ஐந்தாவது இலையில் ஒரு பருக்கை கலையவில்லை.

"ஒம் புருசன் உசுரோட இருக்கான் தாயி" என்றார்.

நான்கு வீட்டுப் பெண்களும் தரையில் விழுந்து அழுதார்கள். செங்கமலம் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள்.

சோற்றுப் பானை திறந்து கிடந்தது.

பக்கத்தில் ஒரு வாழையிலை. சாப்பிட்டு முடித்த இலை… ஈரம்கூடக் காயவில்லை.

நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்போம்.

அது எதிர்ப்பக்கமாக மடித்திருந்தது.

அதைக் கொல்லையில் புதைத்தாள். அப்போது யாரிடமும் மூச்சு விடவில்லை. தாலியையும் கழற்றவில்லை.

சண்டை முடிந்து, நாற்பத்தாறு தை மாசம் சர்க்கார் காகிதம் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். நாகராசு செத்தது 1942 பிப்ரவரி பதினான்காம் தேதி. படையலுக்கு ஒன்றரை வருஷம் முன்னால்.

தேதியைக் கேட்டதும்தான் செங்கமலம் அலறினாள். அந்த மாசியிலிருந்துதான் வீட்டில் சோறு குறைய ஆரம்பித்தது. வேலைக்குப் போய்த் திரும்பினால் பானையில் ஒரு ஆள் சோறு இருக்காது. பூனை என்று நினைத்து மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். அப்படியும் குறைந்தது. படையலுக்கு முன்னால் ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் விளக்குமாற்றால் அடுப்படி முழுவதும் அடித்து, "போ சனியனே… இன்னமே இந்த வீட்டுப் பக்கம் வந்துராத" என்று கத்தியிருக்கிறாள்.