நம்மாளு இருந்த வீடு

படம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதை எடுத்த நாடு இருந்தது. திரையிட்டபோது இல்லை. பிற்பாடு பழைய செய்தித்தாள்களைப் புரட்டி இதைச் சரிபார்த்துக்கொண்டேன். 1991 நவம்பரில் சித்தப்பா மூன்று தகர டப்பாக்களை ஆட்டோவில் ஏற்றிப் பெங்களூர் காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் சோவியத் யூனியன் என்று இருந்தது. அடுத்த ஜனவரியில் சர்ச் ஹாலில் அந்தப் படத்தை ஓட்டியபோது சோவியத் யூனியன் கலைந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டப்பாக்களை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை, இரவல் கொடுத்த இந்திய-சோவியத் நட்புறவுச் சங்கத்தாருக்கும் தெரியவில்லை. இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவே எங்கள் தெருவுக்கு டிசம்பர் வந்து போயிருந்தது.

சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமான பதினாறு எம்.எம். புரொஜெக்டர் அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டு வருடம் சாயங்கால வகுப்புக்குப் போய் ரஷ்ய மொழி படித்தவர் என்பதால் படம் ஓடும்போது பக்கத்தில் மைக்கை வைத்துக்கொண்டு கதை சொல்வதும் அவர் வேலைதான். வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை. எனக்கு மட்டும் சந்தேகம். ஒன்பது வயதில் நான் எதையும் நம்பாத பிள்ளை. தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் குடத்தை எடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, சுவரில் படுக்கை விரிப்பை ஆணியடித்து மாட்டி, சித்தப்பா படத்தை ஒத்திகை பார்த்தார். நானும் கூட உட்கார்ந்தேன். மலைநாட்டில் ஒரு கொள்ளைக்காரன். அடர்ந்த மீசை, ஆட்டுத்தோல் சட்டை, நீளமான காம்பு போட்ட சின்னக் கோடரி. ஜமீன்தார்களின் மாளிகைகளில் புகுந்து எடுத்ததை மலை ஜனங்களுக்கு வீசிவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிடுவான். பட்டாளம் அவனைத் தேடித் தேடிக் களைக்கும். அவன் பெயர் சித்தப்பாவின் வாயில் நுழையவில்லை. ஆகவே அவனுக்கு "நம்மாளு" என்று பெயர் வைத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். திரையில் இருப்பவர்கள் நீளமாகப் பேசினார்கள். சித்தப்பா குட்டையாகச் சொன்னார். இரண்டாவது ரீலில் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு டப்பாவின் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ரஷ்யன் இல்ல. உக்ரைன் பாஷை. அக்கம்பக்கத்து பாஷைதான், பாதி புரியுது. உங்கம்மாவுக்குக் கன்னடம் புரியுற மாதிரி."

"மீதிப் பாதி?"

"மூஞ்சியப் பாத்து ஒட்டுப் போட்டுக்கறேன்."

கடைசி ரீலில் ஒரு காட்சி வரும். மலையடிவாரத்துக் குடியானவன் ஒருவன் தன் வீட்டு வாசலில் நிற்கிறான். குதிரைமேல் வந்த பட்டாளத்தார் அவனை என்னவோ கேட்கிறார்கள். அவன் கையைத் தூக்கிக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான்: "தாம்." அடுத்த காட்சியில் ஒரு வீட்டுக் கதவு திறக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, நம்மாளு நிலைப்படியிலேயே விழுகிறான்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் சித்தப்பாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ரஷ்யனிலும் அதுவேதானாம். 'அங்கே' என்று அர்த்தம். "காட்டிக் குடுத்துட்டான் பாவி," என்றார். அந்தப் பாவியின் முகம் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. மறுநாளே தெருப் பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவர்கள் தங்கள் வீடுகளில் சொன்னார்கள்.

டிசம்பர் இரண்டாவது வாரம் காவிரிக் கலவரம் வெடித்தது. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது. அப்பாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் தமிழ் வீடுகளைத் தேடி எங்கள் தெருமுனையில் ஒரு கூட்டம் வந்து நின்றது. அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டாள். எங்கள் எதிர்வீட்டில் இருந்தவர் கன்னடக்காரர், மின்சார ஆபீஸில் கிளார்க். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். அவர் சட்டைகூடப் போடாமல் பனியனோடு தெருவில் இறங்கிக் கூட்டத்தின் முன்னால் நின்றாராம். கையைத் தூக்கிக் காட்டினாராம். கூச்சலுக்கு நடுவே அவர் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தை அம்மாவின் காதில் விழுந்தது. "இல்லி."

அம்மா கல்யாணமாகி ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டாது. ஆனால் 'இல்லி' என்றால் 'இங்கே' என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு கல் வந்து எங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அதோடு கூட்டம் நகர்ந்துவிட்டது. கர்த்தர் அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டார் என்று அம்மா சொன்னாள். அடுத்த தெருவில் டைலர் கடை எரிந்தது. அந்த வட்டாரத்தில் தமிழ் எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தையல் மிஷின், பெஞ்சு, கொடியில் தொங்கிய துணிகள் எல்லாம் போயின. அந்தத் துணிகளில் ஒன்று என் கிறிஸ்துமஸ் ஃப்ராக். வெள்ளை சாட்டின், கழுத்தைச் சுற்றி லேஸ். முந்தின நாள்தான் போட்டுப் பார்த்திருந்தேன். பட்டன் கட்டுவது மட்டும் பாக்கி.

எனவே எனக்கு அது சொந்த வழக்கு. கை காட்டியது யார் என்று அம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள். காட்டிக் கொடுப்பவன் முகம் எப்படி இருக்கும் என்று நான் படத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் தெருவில் தமிழ் வீடு எதிலும் நட்சத்திரம் கட்டவில்லை. பஸ்ஸில் என்னிடம் பேச வேண்டியிருந்தால் அம்மா கையைக் கிள்ளிச் சைகை காட்டினாள். அங்கிளோடு யாரும் பேசவில்லை. இரண்டொரு முறை எங்கள் கேட் வரைக்கும் வந்துவிட்டு, செருப்பைப் பார்த்தபடி திரும்பிப் போனார். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த அட்டையில் நான் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். அதன் வழியாகப் பார்த்ததில், அவர் பால் வாங்க அடுத்த தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு நீளமாகச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது. குற்றவாளிகள் அப்படித்தான் நடப்பார்கள் என்று முடிவு செய்தேன்.

புது வருடம் பிறந்த வாரத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் அங்கிளும் சித்தப்பாவும் நின்றிருந்தார்கள். அங்கிள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போது வலது கை மேலே எழும்பியது, பாதியில் இறங்கிவிட்டது. சித்தப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்று சாப்பாட்டு வேளையில் அம்மா நேரடியாகவே கேட்டாள். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு, "அவரு சொன்னத முழுசா கேட்டீங்களா அண்ணி?" என்றார்.

"இல்லின்னாரு. அந்த அளவுக்கு எனக்கும் கன்னடம் வரும் தம்பி."

சித்தப்பா தட்டோடு எழுந்து கை கழுவப் போனார். அவரை அவர்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி நடுவில் சர்ச் ஹாலில் படம் போடலாம் என்று ஃபாதர் ஏற்பாடு செய்தார். தெருவாசிகள் எல்லோரும், எந்தப் பாஷைக்காரரும், ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். சித்தப்பா முதலில் தமிழிலும் பிறகு கன்னடத்திலும் கதை சொல்ல வேண்டும். புறப்படும்போது அம்மா அவரிடம், காட்டிக் கொடுக்கிற இடம் வரும்போது நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள் என்றாள். இரண்டு பாஷையிலும் காதில் விழட்டும் என்றாள். சித்தப்பா புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. தமிழர்கள் இடது பக்கம், மற்றவர்கள் வலது பக்கம், நடுவில் புரொஜெக்டர். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான். டைலர் பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைக்கும் நேரத்தில் அங்கிளும் ஆன்ட்டியும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். இடது பக்கம் முழுவதும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தது. என் புண்ணியத்தில் அந்தப் பக்கத்துக்குக் கதை தெரியும்.

"நம்மாளு மலையில இருந்து இறங்கறான்" என்று சித்தப்பா ஆரம்பித்ததுமே வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "யாரு சார் நம்மாளு? உங்காளா, எங்காளா?"

புரொஜெக்டர் மட்டும் கடகடத்தது.

"டிக்கெட் வாங்காம உள்ள வந்த எல்லாருக்கும் இவன் நம்மாளு சார்," என்றார் சித்தப்பா.

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஜமீன்தாரின் தொப்பியை நம்மாளு கோடரியால் தூக்கி எறிந்தபோது இரண்டு பக்கமும் விசில் அடித்தது. அங்கிள் மட்டும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கடைசி ரீல். குடியானவன் வாசலில் நின்றான். குதிரைகள் வந்தன. கை எழும்பியது. "தாம்."

சித்தப்பா மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"தாம்னா அங்கன்னு அர்த்தம். இங்க யாரும் இல்ல, அங்க போங்கங்கறான்." உடனே கன்னடத்தில், ஒவ்வொரு சொல்லாக: "இல்லி யாரூ இல்ல. அல்லி ஹோகி."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். ஒத்திகையில் அவர் சொன்னது இதுவல்ல. அவர் என்னைப் பார்க்காமலேயே தொடர்ந்தார்.

"நம்மாளக் காப்பாத்தத்தான் கைய அந்தப் பக்கம் காட்டினான். பாவம், அவனுக்குத் தெரியல. நம்மாளு அங்கதான் இருந்தான்."

அதையும் அவர் கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள் அங்கிள் எழுந்தார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் நிழல் பெரிதாக மலைமேல் விழுந்தது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு அவர் வெளியே போய்விட்டார். ஆன்ட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

குற்றமுள்ளவன் என்பதால் ஓடுகிறார் என்று நினைத்தேன். என் கோபமெல்லாம் சித்தப்பாமேல்தான். ரீலைச் சுற்றும்போது, பொய் சொன்னீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"பாதிதான் புரியுதுன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றார். "ரீலப் பிடி."

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா "இல்லி யாரூ இல்ல, இல்லி யாரூ இல்ல" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல. நடுவில் ஓரிடத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் தெரு எப்படித் தப்பியது என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தெரு எப்படி எரிந்தது என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் ஒரு தட்டு நிறைய அதிரசம் கொடுத்து என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். ஆன்ட்டி வாங்கிக்கொண்டு, வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அங்கிள் உள்ளறையில் இருந்தார். அவர் கால்கள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. தெருவில் எல்லோரும் அவர்களோடு பேச ஆரம்பித்தார்கள். ஆனாலும் பரீட்சை லீவில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள். எல்லோரும்தான் பழையபடி பேசுகிறார்களே, பிறகு ஏன் போகிறார்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் புரொஜெக்டர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பல வருடம் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, அன்று நீங்கள் சொன்னது அங்கிளுக்காகவா, வேறு யாருக்காகவாவதா என்று அவரிடம் கேட்டேன். "படத்துல அப்படித்தான் இருந்துச்சு," என்றார். அந்தக் காட்சியை இன்றைக்கும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். குடியானவனின் கை நீள்வது தெரிகிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அன்றைக்கு ஹாலில் நடந்த இன்னொன்று உண்டு. அங்கிள் எழுந்து போனபோது எல்லாத் தலைகளும் அவர் பின்னால் வாசல் பக்கம் திரும்பின. டைலர் மட்டும் திரும்பவில்லை. நிலைப்படியில் விழுந்து கிடந்த நம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, படம் முடியும் முன்பே, மெதுவாக எழுந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். டேப்பும் கடையோடு எரிந்துவிட்டதால் விரல்களை விரித்து என் தோளைச் சாண் போட்டு அளந்தார். கணக்குத் தவறி மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்.

"அதே வெள்ளைதானே பாப்பா?" என்று கேட்டார்.

லேஸ் வேண்டும் என்று சொன்னேன். அவருக்குப் படம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.