சிமெண்ட் வைத்த மூட்டு, வைக்காத மூட்டு

ஆஸ்துமாவுக்காகப் பல வருஷம் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளால் இடது இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு செத்துவிட்டது என்றார்கள். எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தென்மாவட்டத்திலிருந்து வந்து ராயபுரத்தில் நானும் கணவரும் மளிகைக்கடை வைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் நெட்டுக்குப்பத்து மீன்காரப் பெண்மணி. அறுபதைத் தாண்டியவர். கழிமுகத்துச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அக்கா என்றே கூப்பிட்டேன்.

டாக்டர் இரண்டு விதமான செயற்கை மூட்டுகளைக் காட்டினார். ஒன்று வழவழப்பு, எலும்புக்குள் சிமெண்ட் வைத்து ஒட்டுவது. மற்றது சொரசொரப்பு, எலும்பே வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்காவின் எலும்பு மெலிந்திருந்ததால் அவருக்கு முதலாவது. எனக்கு மற்றது.

"எனுக்குக் கொத்தனாரு வேல, உனுக்குச் செடி நட்ற வேலயா?" என்று அக்கா சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவரை வாக்கர் கொடுத்து நிற்கவைத்தார்கள். சீக்கிரமே வார்டின் கோடிவரை போய்வந்தார். நான் என் இடது காலை லேசாக ஊன்றலாம், அவ்வளவுதான். எலும்பு பிடிக்கும்வரை பாரமெல்லாம் கக்கத்துக் கட்டைகளில்.

"எனக்கும் சிமெண்டே வச்சிருக்கலாமே, சார்?"

"உங்களுக்கு இன்னும் வயசு கிடக்கும்மா. சிமெண்ட் விட்டுப்போச்சுன்னா மறுபடி திறந்து மாத்துறது கஷ்டம்."

வீட்டுக்கு அனுப்பும்போது இருவருக்கும் ஒரே கட்டளை: தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, சம்மணம் கூடாது.

"குந்தாம மீன எப்டி விக்கிறது?" என்றார் அக்கா. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கட்டைகளை விட்டபிறகு பஸ் பிடித்து அக்காவைப் பார்க்கப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு டிரம்மின்மேல் பலகை, அதில் மீன்.

"பழக்க தோஷத்துல ஒருநா குந்திட்டேன். டக்குனு கழண்டுகிச்சு. மயக்க மருந்து குட்த்து இஸ்து மாட்டினாங்கோ. அப்பால இவளுங்கதான் பலகய போட்டுக் குட்த்தாளுங்கோ" என்று பக்கத்து வியாபாரிகளைக் காட்டினார். "உனுக்கு எப்டி கீது?"

"எந்திரிச்சதும் தொடையில வலிக்கு. நாலடி வச்சா போயிருது."

"எனுக்கு வலியே இல்ல. பயந்தான் கீது."

அதற்குள் ஒருவர் சங்கரா மீனுக்கு விலை கேட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். நான் நெத்திலி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தொடைவலி அடுத்த மழைக்காலத்துக்குள் நின்றுவிட்டது. கடையில் இப்போதும் ஸ்டூலில்தான் உட்காருகிறேன்.