கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்கள்

தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து ராயபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணங்கள் சரிபார்க்கும் வேலை. வயது முப்பத்திரண்டு. விடுதிக்கு அடுத்த தெருவில் வாடகைக்குப் புத்தகம் தரும் சின்ன நூலகம் ஒன்று இருந்தது. அங்கே நான் எடுத்ததெல்லாம் ஒரே வகை நாவல்தான். ஏதோ நிர்ப்பந்தத்தில் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்வார்கள். ஒரு வருடம் மட்டும், தனித்தனி அறை, ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஏழு தடவை உட்கார்ந்து எழுந்தவள் நான். அந்தக் கதைகளில் யாரும் யாருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. பிடிக்காமலே ஒரு வீடும், ஒரு சாவியும், மேசையில் மூடி வைத்த சாப்பாடும் கிடைத்துவிடும். பிரியம் பிறகு அவர்களுக்கே தெரியாமல் வரும். அதைப் படிக்கும்போது மூச்சு சீராகும் எனக்கு.

அந்த வருடம் எனக்கே அப்படி ஒன்று வாய்த்தது. யார்டில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு, கல்யாணமாகாதவர் என்பதால், காலடிப்பேட்டையில் எங்கேயும் வீடு கிடைக்கவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "பேசாம நாம ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமா? வூட்டுக்காகத்தான். ஆளுக்கொரு ரூம்." அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நூலகத்து நாவல்களில் ஒரு குறை இருந்தது. இந்த வகைக் கதை எதை எடுத்தாலும் கடைசி நாலைந்து பக்கங்கள் இருக்காது. பிளேடால் தையலோரமாகச் சுத்தமாக அறுத்திருக்கும். மற்றப் புத்தகங்களில் யாரும் கை வைத்ததில்லை. அட்டைக்குள் ஒட்டிய சீட்டைப் பார்த்தால், எனக்கு முன்னால் எப்போதும் ஒரே உறுப்பினர் எண்.

நூலகக்காரரிடம் கேட்டேன். "மாதா கோயிலுக்குப் பின்னாடி கீற அந்தம்மாதான். நான் கேட்டா பதிலே வர்ல. நீ வேணா போயி கேட்டுப் பாரு," என்றார்.

சனிக்கிழமை மதியம் போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். கூடத்தில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு தண்ணீர்க் குடம், இரண்டு உப்பு ஜாடி, ஒரே சுவரில் இரண்டு காலண்டர். ஒன்றின் தேதிகளில் நீல மை, மற்றதில் சிவப்பு மை. உள்ளே ஓர் அறை சாத்தியிருந்தது.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், "நான் அறுக்கலம்மா. அவரு," என்று அந்தக் கதவைக் காட்டினார்.

"உள்ள இருக்காங்களா?"

"கீறாரு. நாங்க பேசிக்கிறதில்ல."

அவர் சொன்ன கதை இதுதான். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணனான அவருக்குக் கல்யாணம் ஆகாமல் தங்கைக்குச் செய்யக் கூடாது என்று அவர் வீட்டில் பிடிவாதம். இந்த அம்மாளுக்குத் தன் அண்ணன் வீட்டை விட்டு எப்படியாவது வெளியே போக வேண்டும். ஒரு வருடத்துக்கு என்று பேசிக் கட்டிக்கொண்டார்கள். இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது.

"மொதல்ல தேவைக்குப் பேசினு இருந்தோம். அப்பறம் அதுவும் நின்னு போச்சு. யாரு நிறுத்துனதுன்னு எனக்கே தெரியல. அவரு ஆறு மணி பூசைக்குப் போவாரு, நான் எட்டு மணி பூசைக்கு."

புத்தகத்தை முதலில் அவருடைய கதவடியில் வைப்பாராம். இரண்டு நாளில் அது வெளியே வருமாம், முடிவு இல்லாமல்.

"ஏன்னு கேக்கலியாக்கா?"

"கேக்கணும்னா பேசணுமே."

கதவுக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம், சற்று நேரம் கழித்து இன்னொரு பக்கம். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "நீ முழுசாப் படிச்சிருப்பியே. கடைசில இன்னாதான் ஆவுது?" என்றார்.

ஒரு நாவலை ஊரில் முழுசாகப் படித்திருந்தேன். "ரயிலடிக்கு அவன் வந்து..." என்று ஆரம்பித்தேன். தாள் சத்தம் நின்றது. கதவை உள்ளிருந்து கணவர் மூன்று தடவை தட்டினார். வேகமில்லை, கோபமில்லை, ஒரே அளவாக. அந்த அம்மாள் சட்டென்று என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன. "வேணாம், சொல்லாத," என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. வெட்கப்பட்டவர் போல லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான்தான் செருப்பைத் தேடி எழுந்தேன்.

திங்கட்கிழமை யார்டில், ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமா என்று கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். கையிலிருந்த ஆவணங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். நல்ல மனிதர்தான். பிறகு அவர் எண்ணூரில் நண்பர்களோடு சேர்ந்து வீடு எடுத்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து அந்த அம்மாள் நூலகக்காரரிடம் என் எண்ணை வாங்கிப் போன் செய்தார். கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மாதா கோயிலில் சவப்பெட்டிக்குள்தான் அவரை முதல் முதலாகப் பார்த்தேன். எண்ணெய் வைத்து வாரிய தலை, அமைதியான சாதாரண முகம். அந்த அம்மாள் கணவரின் தங்கையிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அவரு கொரலு எப்பிடி இருக்கும்? எனக்கு ஞாபகமே வர்ல." தங்கை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

அடுத்த வாரம், தனியாக அந்த அறைக்குள் போக முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அது நிறைய அறுத்த பக்கங்கள், ஒவ்வொரு முடிவும் தனித்தனியாக நூல் போட்டுக் கட்டியிருந்தது. அந்த அம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஏழெட்டு முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார்.

"எல்லாத்துலயும் ஆம்பளதாம்மா மொதல்ல வாயத் தொறக்குறான்," என்றார். "இத்தப் படிச்சா நானும் அப்பிடி எதிர்பாத்துகினு இருப்பேன்னு பயந்துட்டாரு போல."

அவர் அடுத்த கட்டைப் பிரித்தார். இந்தத் தடவை உரக்கப் படித்தார், காலியான தலையணைப் பக்கம் திரும்பி, நடுநடுவே நிறுத்தி, பதிலுக்கு நேரம் கொடுத்து. நான் கிளம்புகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் விழவில்லை.