பத்து வரிச் சீட்டு

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், மூன்று அறை விடுதி நடத்தினாள் இர்மா. வயது அறுபத்திரண்டு. வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது. காலைச் சாப்பாட்டு மேசையில் விருந்தாளிகள் வரைபடத்தை விரித்தால் போதும், காபிக் கூஜாவை அதன் மேலேயே வைத்துவிடுவாள்.

"நாலு நாள்ல அஞ்சு ஊரா? ஊர் பாக்க வந்தீங்களா, ஸ்டேஷன் எண்ண வந்தீங்களா? ஒரு பகலுக்கு ஒரு ஊர். படுக்கை இங்கயே இருக்கட்டும். நாளைக்கு புரூஜ், மறுநாள் ஆன்ட்வெர்ப், அப்புறம் மெக்கெலன். நாலாம் நாள் சும்மா என் ஊர்ல நடங்க."

யாராவது ஓர் அப்பாவி, "கோர்ட்ரைக் போகலாமா?" என்று கேட்டுவிட்டால் முகம் சுண்டிப்போகும். "அது இந்த நாலு நாள்ல அடங்காது" என்று எழுந்துவிடுவாள். அரை மணி நேர ரயில்தான். அங்கேதான் அவள் அக்கா ஓடில் புதைக்கப்பட்டிருந்தாள்.

ஒரு காலத்தில் அக்காவும் தங்கையும் ஒன்றாகத்தான் சுற்றினார்கள். ஒரே சீட்டு, பத்துப் பயணம். ரயில் ஏறுமுன் புறப்படும் ஊர், போகும் ஊர், தேதி எல்லாவற்றையும் பேனாவால் ஒரு வரியில் எழுத வேண்டும். இரண்டு பேர் போனால் இரண்டு வரி. நாளைப் பிரிப்பது இர்மா, எழுதுவது ஓடில். சீட்டின் முதுகில் எழுத்து புடைத்துக்கொள்ளும் அளவுக்கு அழுத்தி எழுதுவாள். "கல்வெட்டா வெட்டுற?" என்று இர்மா சிரிப்பாள்.

பத்து வருடத்துக்கு முன் ஓடில் படுக்கையில் விழுந்தபோது போனில் கேட்டாள்: "இந்தத் தடவை எனக்கு ஒரு பகல் குடுடி." இர்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "கோர்ட்ரைக் அடங்காதுக்கா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றாள். மூன்று வாரத்தில் ஓடில் போய்விட்டாள். அடக்கத்துக்குப் போனதோடு சரி, அந்த ஊர்ப் பக்கம் இர்மா தலைவைத்துப் படுக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன?

ஆனால் நவம்பர் ஒன்று, இரண்டில் வரும் கல்லறைத் திருநாளை மட்டும் அவள் விட்டதில்லை. விடுதியை ஒன்றரை நாள் சாத்திவிட்டு மூன்று சாமந்திச் சட்டிகளோடு கிளம்புவாள். புரூஜில் அம்மா, ஆன்ட்வெர்ப்பில் தம்பி, மெக்கெலனில் புருஷன் ரெமி.

அந்த வருடம் புறப்படுவதற்கு முந்தின நாள் கோர்ட்ரைக்கிலிருந்து பெரியப்பா மகள் அல்மா கூப்பிட்டாள்.

"இர்மா, ஓடில் கல்லறையில மஞ்சத்தாள் ஒட்டியிருக்காங்க. இடத்துக்குக் குடுத்த பத்து வருஷத் தவணை முடிஞ்சுபோச்சு. ரெண்டாந்தேதி மத்தியானம் பன்னெண்டுக்குள்ள கூடப்பொறந்தவங்க யாராவது கையெழுத்துப் போடணும். இல்லேன்னா தோண்டி எலும்பைப் பொதுக்குழியில போட்டுருவாங்க."

"நீ போடேன்."

"நான் பங்காளிடி. என் கையெழுத்து செல்லாது. ஒரு வருஷமா ஒட்டியிருக்கு, போனவங்களுக்குத்தானே தெரியும்?"

இர்மாவுக்குச் சுருக்கென்றது. "எனக்கு ஒன்றரை நாள்தான் இருக்கு. அடங்காது" என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் புதுச்சீட்டு வாங்கி, முதல் வரியில் கென்ட் – புரூஜ் என்று எழுதினாள். ரயிலில் பெரிய மீசைக்காரப் பரிசோதகர் சீட்டை வாங்கி, டக் டக்கென்று இரண்டு முறை குத்தினார்.

"என்னப்பா, ரெண்டு குத்துற?"

"ரெண்டு பேருக்கு ரெண்டு வரிதானேக்கா" என்றபடி அடுத்த பெட்டிக்கு நடந்துவிட்டார்.

பார்த்தாள். இரண்டாவது வரியிலும் கென்ட் – புரூஜ். அவள் எழுதவில்லை. திருப்பி விரலால் தடவினாள். முதல் வரி வழவழவென்றிருந்தது. இரண்டாவது வரி புடைத்திருந்தது.

வயதாகிறது, இரண்டு முறை எழுதியிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புரூஜிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்கு ஒரே ஒரு வரி எழுதி, சீட்டைக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள். அதே மீசைக்காரரிடம் நீட்ட வெளியே எடுத்தபோது நான்காவது வரியும் நிரம்பியிருந்தது. மை காயவில்லை. கட்டைவிரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அங்கே வைத்திருந்த சாமந்திச் சட்டி எப்போது காலடிக்கு இறங்கியது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு திரும்பும்வரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கென்ட்டுக்குத் திரும்பி வந்த ரயிலிலும் இரண்டு வரி.

இரண்டாம் தேதி காலை பத்தரை. ஸ்டேஷனில் ரெமியின் சட்டியோடு நின்றாள். சீட்டில் நான்கு வரி மிச்சம். ஏழாவதில் கென்ட் – மெக்கெலன் என்று எழுதி, கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. 'அப்பாடா' என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

எட்டாவது வரியில் கென்ட் – கோர்ட்ரைக் என்றிருந்தது. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தம்.

எதிரெதிர்த் திசையில் இரண்டு ஊர்கள், இரண்டு ரயில்கள். மெக்கெலன் வண்டி வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. இர்மா ஏறவில்லை. "பிடிவாதக்காரி, செத்தும் திருந்தலையே நீ!" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒன்பதாவது வரியில் தானும் கோர்ட்ரைக் என்று எழுதினாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் மூச்சு வாங்க நின்றாள். குமாஸ்தா பாதிக் கோட்டு மாட்டியிருந்தார்.

"என்ன உறவு?"

"தங்கச்சி."

"இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?"

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். கையெழுத்தை மட்டும் அழுத்திப் போட்டாள். பிறகு கல்லறைக்குப் போய் மஞ்சள் தாளைத் தன் கையாலேயே கிழித்தாள். ரெமியின் சாமந்தியை அங்கே வைத்தாள். "அவர் ஒண்ணும் சொல்லமாட்டார், உன்னை மாதிரி இல்லை" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது சீட்டில் கடைசி வரி ஒன்றுதான் இருந்தது. இர்மா பெஞ்சில் உட்கார்ந்து, சீட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்தாள். "எழுதுக்கா. நான் வேற டிக்கெட் எடுத்துக்கறேன்." ஒரு ரயிலை விட்டாள். அடுத்ததையும் விட்டாள். வரி வெறுமையாகவே கிடந்தது. கடைசியில் தன் பெயருக்குத் தானே எழுதி ஏறினாள்.

முதல் நாள் பார்த்த அதே மீசைக்காரர் வந்தார். ஒருமுறைதான் குத்தினார்.

"இன்னிக்கு ஒரே ஆளாக்கா? கூட வந்த அம்மா எங்க?"

இர்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். "அவ ஊர்ல இறங்கிட்டா. நீங்க... அவளைப் பாத்தீங்களா?"

"பாக்காம? நேத்து ஆன்ட்வெர்ப் வரைக்கும் சட்டியைக் காலடியில வெச்சுட்டு உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தாங்க. வழியெல்லாம் உங்ககிட்ட என்னமோ பேசிக்கிட்டே வந்தாங்க. நீங்கதான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை. என்ன சண்டையோன்னு நெனச்சேன்."