ட்யூபாவுக்குள் எத்தனை லிட்டர்

பொலிவியாவின் ஒரூரோ நகரத்தில் வாரநாள்களில் மினிபஸ் ஓட்டும் செவெரினோ, சனி ஞாயிறுகளில் பேண்டில் ட்யூபா என்ற பெரிய பித்தளை வாத்தியம் ஊதுவார். வயது ஐம்பத்திரண்டு. இளவயதில் இரண்டு வருடம் சுரங்கத்தில் உழைத்து வாங்கிய ட்யூபா அது. "எனக்கு மூத்தவ" என்று அதை மனைவி இல்டா கேலி செய்வாள்.

இரண்டு வருடக் கார்னிவல் திருவிழாக்களாகவே அவருக்கு மூச்சு போதவில்லை. கீழ் ஸ்வரங்களுக்கு இறங்கினால் ஓசை தேய்ந்துபோகும். பேண்டு மாஸ்டர் ரூபென் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார்: "என்ன செவெரினோ, ட்யூபா ஊதுறியா, சூப்பு ஆத்துறியா?" சுரங்கத் தூசி இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது என்று செவெரினோ தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். அடுத்த கார்னிவலோடு நிறுத்திவிடப்போவதாக இல்டாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில், எட்டாவது படிக்கும் மகள் நைடாவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டிலுள்ள மூன்று பாத்திரங்களின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, பிறகு தண்ணீர் ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். வாளியும் குழம்புப் பானையும் அரை மணியில் முடிந்தன.

"மூணாவதா உங்க ட்யூபா, அப்பா."

"அது பாத்திரமாடி?"

"போன கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரர் அதுலதானே பீர் ஊத்தினாரு!"

செவெரினோ சிரித்துக்கொண்டே ட்யூபாவை எடுத்துவந்து வைத்தார்.

நைடா அதைக் கூம்பாக வைத்துக் கணக்குப் போட்டாள். குழாயோடு கயிற்றை ஓட்டிப் பார்த்ததில் நீளம் ஐந்து மீட்டர் நாற்பது. வாயின் ஆரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். விடை இருநூற்று எழுபத்துமூன்று லிட்டர்!

"முற்றத்து டிரம்மே இருநூறுதான்டி," என்று இல்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்கப்பா தொப்பையையும் சேத்துட்டியா?"

நைடா ரோஷத்தோடு மறுபடி உட்கார்ந்தாள். வாய் மட்டும்தான் அகலம், மற்றதெல்லாம் ஒல்லி என்பது புரிந்தது. சாணுக்கு ஒரு இடத்தில் நூல் சுற்றி அளந்து, ஒவ்வொரு துண்டையும் தனி உருளையாக்கிக் கூட்டினாள். நாற்பத்தொன்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் ட்யூபாவை, அகன்ற வாய் மேலே இருக்க, நாற்காலியோடு நிமிர்த்திக் கட்டித் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். ஊதுகிற முனையிலிருந்து தண்ணீர் எட்டிப்பார்த்ததும் செவெரினோ கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். நைடா ஒரு லிட்டர் ஜாடியால் எண்ணி எண்ணி ஊற்றிக்கொண்டே போனாள். இருபத்தேழாவது ஜாடியில் கை நின்றது.

"அப்பா, அடியில சொட்டுதே."

கீழ் வளைவில், ஏழு வருடம் முன்பு மாதா கோயில் படியில் விழுந்து நசுங்கிய இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். அதன் வழியே தண்ணீர் வரிசையாக முத்துக் கோத்து இறங்கியது.

செவெரினோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுக்க மறந்து, பிறகு எடுக்க நினைவு வந்தபோது முகத்தில் பீய்ச்சியடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"இல்டா... தூசி இல்லடி. ஓட்டை!"

"ரெண்டு வருஷமா ஓட்டைக்குள்ள ஊதிட்டிருந்தீங்களா? நான் வேற மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்!" அவள் துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

மறுநாள் ஈயம் பற்றவைக்கிறவரிடம் கொடுத்து அடைத்தார்கள். திரும்ப ஊற்றியபோது முப்பத்தொன்பதரை ஜாடி பிடித்தது. நூலைத் தளர்வாகச் சுற்றிவிட்டேன் என்று நைடா தன் தப்பையும் சேர்த்தே எழுதினாள். இருநூற்று எழுபத்துமூன்றையும் அடிக்காமல் விட்டுவைத்தாள்.

சனிக்கிழமை பயிற்சியில் மாஸ்டர் ரூபென் பாதியில் கைகாட்டி நிறுத்தினார். "யோவ், கொஞ்சம் அடக்கி ஊதுய்யா! டிரம்பெட்டு எங்க இருக்குன்னே தெரியல."

"சரிங்க மாஸ்டர்," என்றார் செவெரினோ. ஆனால் அடக்கவில்லை.

பள்ளிக் கண்காட்சியில் நைடாவுக்கு இரண்டாம் இடம். கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டதால் செவெரினோ ஒரு பாட்டு ஊதினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்து வகுப்பே எழுந்து ஓடிவந்தது. வெளியே வந்து மூவரும் சூடாகக் கறி அடைத்த சால்டென்யா பணியாரம் வாங்கி, உள்ளிருக்கும் சாறு சட்டையில் சிந்தாமல் குனிந்து நின்று தின்றார்கள்.